நவம்பரை ஆறுதலாகக் கழிப்பது: ரொறன்ரோவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்டோபர் நடுவில் மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும்போது புதிதாக வந்த எல்லாரும் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு இலையெல்லாம் கொட்டி, ஸ்னோவும் இன்னும் நிலைக்காமல், வானம் ஈயச்சட்டி நிறத்தில் கிடக்கும் ஐந்தாறு கிழமைகள் வரும். அந்த நாட்களில்தான் எனக்குத் தொலைபேசி அடிக்கத் தொடங்கும். தங்கையின் சிநேகிதி, கோயிலில் கண்ட பிள்ளை, கீழ் வீட்டுக்கு வந்த தம்பி, எல்லாரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். எனக்கு இந்த நாட்கள் வருடத்திலேயே விருப்பமானவை, ஆனபடியால் சலிக்காமல் பதில் சொல்லுவேன். இந்த முறை அவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

அக்கா, நாலே முக்காலுக்கே இருட்டுது. இது எப்ப முடியும்?

நவம்பர் முதல் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். அதனால் சனிக்கிழமை 6 மணி தாண்டிப் போன சூரியன் ஞாயிற்றுக்கிழமை 5 மணி சொச்சத்துக்கே போய்விடும். இந்த மாற்றத்தை நிறுத்த 2020இல் எங்கள் மாகாணமான ஒன்ராறியோ சட்டமே நிறைவேற்றியது. ஆனால் நியூயோர்க்கும் கியூபெக்கும் சேர்ந்து மாறினால்தான் நடைமுறைக்கு வரும் என்பதால் அது அப்படியே கிடக்கிறது.

நம்மவருக்கு இது இவ்வளவு உறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றரை மணி நேரமாவது இருக்கும். இங்கே ஜூனில் பதினைந்தரை மணி நேரத்தை ஒட்டி நீளும் பகல் டிசம்பர் கடைசியில் 9 மணி நேரத்துக்குச் சுருங்கிவிடும். உடம்பு இதை ஒரே வருடத்தில் பழகாது. ஒரு நல்ல செய்தி, பின்னேரம் சூரியன் மறையும் நேரம் டிசம்பர் 10 அளவிலேயே திரும்பத் தொடங்கிவிடும். காலை விடியல்தான் ஜனவரி முதல் கிழமை வரை பிந்திக்கொண்டே போகும். ஆகவே நீங்கள் பொறுக்க வேண்டிய பின்னேர இருட்டு, மணிக்கூடு மாறிய நாளிலிருந்து எண்ணினால், ஐந்தாறு கிழமைதான் கூடிக்கொண்டு போகும்.

"ஆறுதலா இருங்கோ" எண்டு சொல்லுறியள். அப்பிடியெண்டா உண்மையில என்ன செய்யிறது?

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று ஊரில் சொன்னால் அவசரப்படாமல் சாப்பிடுங்கள் என்று பொருள். செத்தவீட்டில் கையைப் பிடித்துச் சொல்லுவதும் அதே ஆறுதல்தான், கொதிக்கக் கொதிக்க ஊற்றிய தேத்தண்ணி ஆறுவதும் அந்தச் சொல்தான். எனக்கு நவம்பர் என்றால் இந்த மூன்றும் ஒன்றாக நடக்கிற மாதம். கோடையில் ஓடின ஓட்டம் ஆற வேண்டும், அதற்கு வீடு வேண்டும், இருட்டும் கொஞ்சம் வேண்டும். பழந்தமிழர் வருடத்தை ஆறு பொழுதாகப் பிரித்தபோது ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று தனியாகப் பெயரிட்டு, தலைவனும் தலைவியும் கூடியிருக்கும் குறிஞ்சிக்கு உரிய பொழுதாக வைத்தார்கள். குளிர் வந்தால் ஆட்கள் நெருங்கி இருப்பார்கள் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

செய்வதென்று கேட்டால், இருட்டின பிறகு லைட் போடாதீர்கள், இருட்ட முன்னம் போடுங்கள். நான் நாலே காலுக்கு வரவேற்பறை மூலையில் இருக்கும் சின்ன விளக்கைப் போட்டு, கேத்திலை வைத்து, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு யன்னலடிக் கதிரையில் இருப்பேன். வெளியே நீலம் கறுப்பாக மாறுகிறதை இருபது நிமிடம் பார்ப்பேன், வேறொன்றும் செய்வதில்லை. இருட்டு உங்கள் மேல் வந்து விழுந்த மாதிரி இருப்பதற்கும் நீங்கள் அதை வாசலில் நின்று வரவேற்ற மாதிரி இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இருபது நிமிடத்தில் தெரியும்.

டென்மார்க்காரர் ஹ்யூகே எண்டு சொல்லுறது தானே இது? கம்பளி, மெழுகுதிரி எல்லாம் வாங்க வேணுமோ?

வீட்டுக்குள் வெதுவெதுப்பாக, நெருக்கமாக இருக்கும் சுகத்தைத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள், ஆகவே உறவு முறையில் கிட்டத்தான். ஆனால் கடையில் அந்தப் பெயர் போட்டு விற்கும் எதுவும் தேவையில்லை. தடித்த காலுறை இரண்டு சோடி, ஒரு நல்ல போர்வை, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு சின்ன விளக்கு, இவ்வளவும் போதும். பல்ப் வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 5000 போட்ட வெள்ளை பல்ப் வீட்டை மருந்துக்கடை மாதிரி ஆக்கிவிடும். விளக்கு தலைக்கு மேலே இருப்பதை விட முழங்கால் அல்லது தோள் உயரத்தில் இருக்கட்டும்.

வீட்டை எத்தினை டிகிரியில வைக்கிறது? தொண்டை காயுது, கை வெடிக்குது.

நாங்கள் பகலில் 21, படுக்கும்போது 18. வாடகை வீட்டில் சூட்டை வீட்டுக்காரர்தான் கொடுக்கிறார் என்றால், குளிர்காலத்தில் அது குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகர விதி. ஒரு வெப்பமானியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு முதலில் வீட்டுக்காரரிடம் கதையுங்கள், சரிவராவிட்டால் நகரசபையின் 311 எண்ணுக்கு அழையுங்கள்.

தொண்டை காய்வதற்குக் காரணம் சூடு இல்லை, வறட்சி. வெளியே இருக்கும் குளிர்காற்றில் நீராவி மிகக் குறைவு, அதையே உள்ளே எடுத்துச் சூடாக்கினால் காற்று எல்லாவற்றிலும் இருந்து ஈரத்தை உறிஞ்சும், உங்கள் தொண்டையிலிருந்தும். 10, 15 டொலருக்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று வாங்கி 30 முதல் 40 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். அதற்கு மேல் போனால் யன்னல் கண்ணாடி வியர்த்து, ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் குளித்த உடனே, தோல் ஈரமாக இருக்கும்போதே, கைகாலுக்கு நல்லெண்ணெய் பூசுங்கள். சூடு தரும் ஃபர்னஸின் வடிகட்டியையும் ஒருக்கால் பாருங்கள், சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தால் மாற்றுகிற நேரம் வந்துவிட்டது.

நான் பேஸ்மென்டில இருக்கிறன். யன்னல் ஒரு முழம்தான். எனக்கு இது சரிவருமோ?

சரிவரும், ஆனால் முயற்சி கொஞ்சம் கூட வேண்டும். நானும் முதல் மூன்று வருடம் பேஸ்மென்டில் இருந்தவள். அந்த யன்னலுக்கு முன்னால் ஒன்றும் வைக்காதீர்கள், கதிரையை அதற்கு நேரே போடுங்கள். மத்தியானம் 12க்கும் 1க்கும் இடையில் எப்படியாவது வெளியே போய்விட்டு வாருங்கள், மேகமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியே உள்ள மப்பு வெளிச்சமும் உள்ளே உள்ள சாதாரண வீட்டு விளக்குகளை விடப் பல மடங்கு கூட. பின்னேரம் மேலே சொன்ன மாதிரி இரண்டு சின்ன விளக்கு. பேஸ்மென்டில் தரை குளிரும் என்பதால் ஒரு தடித்த விரிப்புக்குக் காசு செலவழிப்பது வீண் போகாது.

இந்தக் குளிருக்கு என்ன சமைக்கிறது?

கூழ். ஒடியல் கூழ், காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் என்னிடம் இந்த ஒரு பதில்தான் முதலில் வரும், ஏனென்றால் தனியாளாகக் காய்ச்ச முடியாத சாப்பாடு அது, ஆறு பேருக்குக் குறைவாகக் காய்ச்சினால் அது கூழே இல்லை. ஸ்காபரோவில் நம்முடைய கடைகளில் ஒடியல் மா பைக்கற்றாகவும், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை உறைந்த நிலையிலும் கிடைக்கும். நண்டு, இறால், ஒரு மீன்தலை, பயற்றங்காய், ஒரு பிடி அரிசி, செத்தல் மிளகாய், மஞ்சள், பழப்புளி. ஆறு பேருக்குக் கால் கிலோ மா போதும்.

மாவை முதலில் தண்ணீரில் ஊறப்போட்டு, மேலே தெளியும் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி ஊற வையுங்கள், இரண்டு மூன்று முறை. கைப்பு போவது அப்படித்தான், ஒடியல் மாவைப் பச்சையாக வாயில் போடுகிற வேலையும் வேண்டாம். பெரிய பானையில் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளி அரைவாசி வேகட்டும், பிறகு பயற்றங்காய், மீன், நண்டு, இறால், அரைத்த மிளகாயும் மஞ்சளும் உப்பும். கடைசியில் புளிக்கரைசல், அதற்குப் பிறகு மா. மா போகும்வரை பானை சலசலவென்று கொதித்துக்கொண்டிருக்கும். கரைத்த மாவை ஊற்றிக் கிண்டக் கிண்ட அந்தச் சத்தம் அடங்கி, கனத்த குமிழி ஒவ்வொன்றாக எழும்பி பொளக், பொளக் என்று உடையத் தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் தானாகவே மாடியிலிருந்து இறங்கி வந்துவிடுவார்கள். முருங்கையிலையைத் தூவி இறக்க வேண்டியதுதான்.

ஊரில் பலா இலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி அதில் குடிப்போம், அல்லது பனையோலைப் பிளாவில். இங்கே சிரட்டை அல்லது சில்வர் பேணி. சுடச்சுட மெதுவாகத்தான் குடிக்க முடியும், ஒரு மணித்தியாலம் பானையைச் சுற்றியே எல்லாரும் இருப்பார்கள், கதை தானாக வரும். மச்சம் சாப்பிடாதவர்கள் மரக்கறியோடு பலாக்கொட்டையைக் கூடப் போட்டுக் காய்ச்சலாம். கூழுக்கு ஆள் சேராத நாளில் மிளகு ரசம், அல்லது வறுத்த கொத்தமல்லியும் இஞ்சியும் போட்ட மல்லித்தண்ணி.

ஹலோவீன் முடிய பூசணிக்காய் மலிவா விக்குது. வாங்கிக் கறி வைக்கலாமோ?

முகம் செதுக்குகிற பெரிய பூசணி தண்ணித்தன்மை, நாராகவும் இருக்கும், பால்கறி வைத்தால் சுவை வராது. பட்டர்நட் என்று விற்கும், சுரைக்காய் வடிவில் இருக்கும் மஞ்சள் காயை வாங்குங்கள், ஊர்ப் பூசணிக்கு அதுதான் கிட்ட வரும். வெட்டாமல் குளிர்ந்த உலர்ந்த மூலையில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருக்கும்.

கறிவேப்பிலைக் கன்று உள்ளுக்கு எடுத்தாப் பிறகு இலை கொட்டுது. செத்துப் போச்சோ?

பெரும்பாலும் இல்லை, தூங்குகிறது. வெளிச்சம் குறைந்ததும் கறிவேப்பிலை இலையை விட்டுவிடும். தண்டை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தெற்குப் பார்த்த யன்னலில், சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்குத் தள்ளி வையுங்கள். தண்ணீரை நன்றாகக் குறையுங்கள், மண் ஒரு விரல்கடை காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், குளிர்காலத்தில் இந்தக் கன்றுகள் சாவதற்கு முக்கிய காரணம் நாங்கள் பாசத்தில் ஊற்றும் தண்ணீர். உரம் மார்ச் வரை வேண்டாம். அடுத்த வருடம் இரவுக் குளிர் 10 டிகிரிக்குக் கிட்ட வரும்போதே உள்ளே எடுத்துவிடுங்கள்.

வளவில இனிச் செய்ய ஒண்டும் இல்லைத்தானே?

ஒன்று இருக்கிறது, உள்ளி. ஒக்டோபர் நடுவிலிருந்து நிலம் உறையும் வரை நடலாம். பல்லைப் பிரித்து, கூர் மேலே பார்க்க, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் வைத்து மூடி, மேலே கொட்டிக் கிடக்கும் மேப்பிள் இலையை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டுவிடுங்கள். ஏப்ரலில் பச்சை முனை எட்டிப் பார்க்கும், ஜூலையில் கிண்டலாம். மீதி இலையையும் முழுவதும் கூட்டி அள்ளாமல் செடிகளடியில் விட்டுவிடுங்கள், அதற்குள் வண்டும் பூச்சியும் குளிர்காலத்தைக் கழிக்கும்.

இந்த நாட்களில் யன்னலடியில் இருந்தால் ஜுங்கோ என்கிற சின்னக் குருவியைக் காண்பீர்கள். முதுகு சிலேற் நிறம், வயிறு வெள்ளை, எழும்பிப் பறக்கும்போது வாலின் இரு ஓரமும் வெள்ளையாகப் பளிச்சென்று விரியும். ரொறன்ரோவுக்கு இலையுதிர் காலத்தில் வடக்கிலிருந்து வந்து சேரும், நமக்குக் குளிராகத் தெரியும் இந்த ஊர் அதற்கு வெப்பமான தெற்கு.

விளக்கீட்டுக்கு வெளியில பந்தம் கொளுத்தலாமோ? சாம்பிராணி போட்டாலே அலாரம் அடிக்குது.

ஊரில் திருக்கார்த்திகை அன்று வாழைக்குற்றி நட்டு அதில் தீபம் வைத்து, தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த சின்னப் பந்தங்களைக் கிணற்றடியிலும் தோட்டத்திலும் குத்துவோமே, அதை அப்படியே இங்கே செய்ய முடியாது. ரொறன்ரோவில் வீட்டு வளவில் திறந்த நெருப்பு மூட்ட அனுமதி இல்லை, காய்ந்த இலை வேறு கிடக்கும். நான் சிட்டி விளக்குகளைக் கண்ணாடிப் போத்தல்களுக்குள் வைத்து வாசல் படியில் வரிசையாக ஏற்றுவேன், காற்றுக்கும் அணையாது. பெரும்பாலும் நவம்பர் கடைசியில் அல்லது டிசம்பர் முதல் பாதியில் வரும் அந்த நாளில் சிலவேளை ஸ்னோ விழுந்திருக்கும். வெள்ளைக்கு மேலே பன்னிரண்டு சுடர் எரிவதை ஒருமுறை பார்த்தால் ஊர் விளக்கீட்டுக்குக் குறைவென்று சொல்ல மாட்டீர்கள்.

சாம்பிராணிக்கு யன்னலைத் திறந்து, குசினி விசிறியைப் போட்டு, கொஞ்சமாகப் போடுங்கள். அலாரத்தைக் கழற்றவோ பையால் மூடவோ வேண்டாம். ஒவ்வொரு மாடியிலும் அது வேலை செய்ய வேண்டும் என்பது ஒன்ராறியோ சட்டம். பார்பிக்யூ அடுப்பையோ தணலையோ உள்ளேயும் கராஜுக்குள்ளும் கொண்டுவரவே கூடாது, கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளைக் கொல்லும்.

எனக்கு ரெண்டு வேலை. உங்கட தேத்தண்ணி, யன்னல் எல்லாம் வசதியான ஆக்களுக்குத் தானே?

கேட்பது நியாயம். நாலே காலுக்கு யன்னலடியில் இருக்க உங்களால் முடியாது. அந்த நேரத்தில் நீங்கள் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பீர்கள். உங்களிடம் நான் கேட்பது வீட்டுக்கு வந்த பிறகு பதினைந்து நிமிடம். உடுப்பை மாற்றி, சுடுதண்ணியில் முகம் கைகால் கழுவி, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, மேலே சொன்ன சின்ன விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு சூடாக ஏதாவது குடியுங்கள், நின்றபடி குடிக்காமல் இருந்து குடியுங்கள். விடியவே போத்தலில் ரசம் ஊற்றி வைத்துவிட்டுப் போனால் இரவு சூடாக்கினால் போதும். கிழமையில் ஒரு நாள் விடுமுறை இருந்தால் அன்று கூழுக்கு யார் வீட்டுக்காவது போங்கள், எங்கள் வீடென்றாலும் சரி.

அம்மா ஊரில இருந்து வந்திருக்கிறா. நாள் முழுக்க யன்னலடியில நிக்கிறா. என்ன செய்யிறது?

எனக்கு மனம் கனக்கிற கேள்வி இது. ஊரில் விடிந்தால் முற்றம் கூட்டி, கோழிக்குப் போட்டு, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஆளோடு கதைத்து, நாற்பது வருடம் ஒரு நிமிடம் சும்மா இராத மனிசிக்கு நாங்கள் இங்கே கொடுப்பது ஒரு சோபாவும் ரிமோட்டும். "நீங்கள் ஓய்வெடுங்கோ அம்மா" என்று சொல்லுவது அன்பில்தான், ஆனால் அவவுக்கு ஓய்வு தேவையில்லை, அந்த வீட்டில் தான் இல்லாவிட்டால் நடக்காத ஒரு வேலை தேவை.

திரி திரிக்க, உள்ளிப் பல்லு பிரிக்க, மிளகாய்த்தூளுக்கு வறுக்க, பிள்ளைகளுக்குத் தலை இழுக்கக் கொடுங்கள், கூழுக்கு உப்புப் புளி பார்க்கிற அதிகாரத்தை முழுவதுமாகக் கொடுங்கள். ரொறன்ரோ பொது நூலகத்தின் பல கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, அட்டை இலவசம். மத்தியானத்தில் அங்கே கூட்டிப் போனால் வெளிச்சமும் கிடைக்கும், நாலு சனத்தையும் காணுவா. குளிர் கூடின நாட்களில் பேரங்காடிக்குள் காலை நேரம் சுற்றி நடக்கும் நம்மட ஐயாமார் அம்மாமாரோடு சேர்த்துவிடுங்கள். வழுக்காத அடியுள்ள சப்பாத்து முதலில், அதில் மலிவு பார்க்க வேண்டாம்.

வீட்டுக்குள்ள இருக்க விருப்பம் எண்டுதான் நினைச்சன். இப்ப வெளியில போகவே மனமில்லை. இது ஆறுதலோ, வருத்தமோ?

நான் சொல்லும் ஆறுதலில் ஆசை இருக்கும். எப்போது வீட்டுக்குப் போய் அந்தக் கதிரையில் இருப்போம் என்று இருக்கும், கூழுக்கு யாரைக் கூப்பிடலாம் என்று யோசனை ஓடும். அதே கதிரை, அதே போர்வை, ஆனால் எதிலும் ருசி இல்லை, எவ்வளவு தூங்கினாலும் களைப்பு, இனிப்பும் மாச்சாப்பாடும் மட்டும் வேண்டும் போல இருக்கிறது, ஆட்களின் அழைப்பை எடுக்க விருப்பமில்லை என்று இரண்டு கிழமைக்கு மேல் போனால் அது வேறு. பருவத்தோடு வரும் மனச்சோர்வு என்று அதற்குப் பெயர் உண்டு, மருத்துவமும் உண்டு. குடும்ப டொக்டரிடம் போங்கள், "கொஞ்சம் களைப்பு" என்று சுருக்காமல் இங்கே எழுதின மாதிரியே சொல்லுங்கள். காலையில் 10,000 லக்ஸ் விளக்குக்கு முன்னால் அரை மணி நேரம் இருப்பது பலருக்கு உதவுகிறது. கண் வருத்தம் உள்ளவர்களும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு மருந்து எடுப்பவர்களும் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும். விற்றமின் டி பற்றியும் கேளுங்கள். 70 வயது வரை பெரியவர்களுக்கு நாளுக்கு 600 அலகு, அதற்கு மேல் 800 என்பது கனடாவின் பரிந்துரை. நம்முடைய கறுத்த தோலுக்கு அதைத் தானாக உண்டாக்கக் கூட வெயில் வேண்டும், நவம்பரில் அந்த வெயில் இங்கே இல்லை. உயிரை விடலாம் என்ற நினைப்பு ஒருக்கால் வந்தாலும் 9-8-8க்கு அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.

ஊரில மழை வெள்ளம். நாங்கள் இங்க போர்வைக்குள்ள சுகமா இருக்கிறம் எண்டு நினைக்கக் குற்றமாக் கிடக்கு.

இதை நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், வேறு கதை கதைக்கிற மாதிரித் தொடங்கிக் கடைசியில்தான் கேட்பார்கள். இங்கே இலை கொட்டி முடியும் அதே கிழமைகள்தான் அங்கே வடகீழ்ப் பருவமழையின் உச்சம். 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தைத் தண்ணீருக்குள் தள்ளியபோது நான் இந்த யன்னலடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன், அக்கா வீட்டு இணைப்பு கிடைக்கவே இல்லை. அந்த இரண்டு நாளும் சூட்டைக் கூடக் குறைத்து வைத்துவிட்டேன். அதனால் அங்கே ஒருவருக்கும் உலர்ந்த பாய் கிடைக்கவில்லை. காசு அனுப்புங்கள், வெள்ள நேரத்தில் கேட்காமலே அனுப்புங்கள், பிறகு உங்கள் வீட்டில் சூடாக இருங்கள்.

அப்புறம் ஒன்று. மணிக்கூடு மாறின பிறகு இங்கேயும் ஊருக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு எட்டரை என்றால் அங்கே விடிய ஏழு மணி. கோடையில் ஒன்பதரைக்கு எடுத்தால்தான் அக்கா ஆறுதலாக இருப்பா, அந்நேரம் எனக்குக் கண் சுழலும். நவம்பரில் எட்டரைக்கு எடுத்தால் அவ அடுப்படி வேலை முடித்து முதல் தேத்தண்ணியோடு விறாந்தையில் இருக்கிற நேரம், நான் கடைசித் தேத்தண்ணியோடு கதிரையில். போனை மேசையில் வைத்துவிடுவேன். அந்தப் பக்கம் ஓட்டுக்கு மேல் மழை கொட்டுகிற சத்தம் கேட்கும், இடையில் "கேக்குதே?" என்பா, "கேக்குது" என்பேன், இரண்டு பேரும் குடித்து முடிக்கும் வரை அப்படியே இருப்போம்.